பீரங்கிக்கு யார் பொருத்தம் பார்ப்பது?

மேசைப் போர் விளையாட்டுக்காரர்களிடம் ஒரு சமாதானம் எப்போதும் கைவசம் இருக்கிறது: மூன்றடி தள்ளி நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இதைச் சொல்லிக்கொண்டே வாட்டர்லூவுக்காக வாங்கிய பீரங்கியை 1870இன் களத்தில் இறக்கிவிடுகிறார்கள். வீரர்களின் உயரத்துக்கு மட்டும் இந்தத் தாராளம் கிடையாது. இரண்டு தயாரிப்பாளர்களின் 28 மி.மீ. வீரர்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, ஒருவன் தலை ஒரு மில்லிமீட்டர் தூக்கலாக இருந்தால் போதும், இவை சேராது என்று தீர்ப்பாகிவிடுகிறது. எதில் கறாராக இருக்க வேண்டுமோ அதில் தாராளம், எதில் விட்டுக்கொடுக்கலாமோ அதில் கறார்.

உயரம் பார்ப்பதில் நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. அந்த 28 மி.மீ. பாதத்திலிருந்து கண் வரையா, உச்சி வரையா என்பதிலேயே தயாரிப்பாளர்கள் ஒன்றுபடவில்லை. 168 செ.மீ. உயர மனிதனை உச்சி வரை அளந்தால் 1/60. கண் வரை அளந்தால் ஏறக்குறைய 1/56. இரண்டையும் ஒரே வரிசையில் கலந்தால் கண்ணை உறுத்தும். வேறு வேறு படைப்பிரிவுகளாகப் பிரித்தால் உறுத்தாது. பீரங்கியின் அளவுக்கும் எளிய சோதனை உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரின் 12 பவுண்டர் நெப்போலியன் பீரங்கிக்குச் சக்கர விட்டம் 57 அங்குலம், அதாவது 145 செ.மீ. சக்கரம் ஆளின் தோளுக்கு வர வேண்டும். 1/56இல் அது 26 மி.மீ.; 1/72இல் 20 மி.மீ. தான். 28 மி.மீ. வீரர்களுக்கு நடுவே 1/72 பீரங்கி குட்டையாகத்தான் தெரியும். உலோகப் பீரங்கிகள் மலிவானவையும் அல்ல. கையில் இருப்பதை வைத்து ஆட நினைப்பது இயல்பு. இவ்வளவும் சரி.

ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எது மாறியது? சீருடையும் தொப்பியும் மாறின. அவற்றைவிடப் போரின் போக்கைத் திருப்பியது ஆயுதத்தின் மாற்றம். அதை நான்கே ஆண்டு இடைவெளியில் காட்டும் இரண்டு போர்கள் உண்டு. 1866 ஜூலை 3 அன்று கோனிக்கிராட்ஸ் களத்தில் ஆஸ்திரியர்களின் பீரங்கிகள் 1863ஆம் ஆண்டு மாதிரியைச் சேர்ந்தவை. முன்வாய் வழியே குண்டு இடுபவைதான், ஆனாலும் சுருள்வரி வெட்டிய குழல்கள். எதிரே பிரஷ்யர்களிடம் பின்வாய் திறக்கும் எஃகுப் பீரங்கிகளோடு பழைய வழவழப்புக் குழல்களும் கணிசமாக இருந்தன. அன்று ஆஸ்திரியக் காலாட்படையைப் பிரஷ்ய ஊசித் துப்பாக்கி சாய்த்தது. பீரங்கியில் ஆஸ்திரியர்களின் கையே ஓங்கியது. தோற்ற படை தப்பிப் பின்வாங்கியதும் அந்தப் பீரங்கிகளின் மறைவில்தான்.

பிரஷ்யா பாடம் கற்றது. வழவழப்புக் குழல்களைக் கழித்துக்கட்டியது. 1870இல் பிரான்சோடு மோதியபோது கணக்கு தலைகீழாகிவிட்டது. இம்முறை எதிரியின் துப்பாக்கிதான் மேல்: பிரெஞ்சு சஸ்போ, ஊசித் துப்பாக்கியைவிட ஏறக்குறைய இருமடங்கு தூரம் சுட்டது. ஆனால் பிரெஞ்சுக்காரர்களின் பீரங்கி 1858இல் வந்த லா ஹித் முறையின் வெண்கலக் குழல், முன்வாயில் திணிப்பது. எதிரே பிரஷ்யர்களின் பின்வாய் திறக்கும் குருப் எஃகு. செப்டம்பர் 1 அன்று செடானைச் சுற்றிய குன்றுகளில் எஃகுக் குழல்கள் வளையமிட்டன. மறுநாள் பிரெஞ்சுப் பேரரசரின் படை சரணடைந்தது.

இந்த இரண்டு போர்களையும் ஒரே வெண்கலப் பீரங்கியை வைத்து ஆடினால் என்ன மிஞ்சும்? சீருடைக்கும் சீருடைக்கும் நடந்த சண்டை மிஞ்சும். யார் ஏன் வென்றார்கள் என்பது மேசையிலிருந்தே மறைந்துபோகும்.

பீரங்கியோடு நிற்கும் ஆட்கள் விஷயத்தில் கூத்து இன்னும் அதிகம். பீரங்கி வீரர் தொகுப்பு எதை வாங்கினாலும் நீண்ட திணிகோலோடு ஒருவன் இருப்பான். அவனைக் குருப் பீரங்கியின் முன்வாயில் நிறுத்துகிறார்கள். குண்டும் மருந்தும் பின்வாயில் போகின்றன. சுடும் நேரத்தில் முன்னால் அவனுக்கு என்ன வேலை? எஃகுக் குழலுக்கும் பொன்னிறம் பூசுவது அடுத்த வழக்கம். வண்டியும் தப்பவில்லை. கிரிபோவால் 1765இல் வகுத்த இரட்டைப் பலகை வண்டியைப் பிரெஞ்சுக்காரர்கள் கைவிட்டு, 1827இல் ஆங்கிலேயர்களின் ஒற்றைக்கட்டை வண்டியின் வழிக்கு வந்தார்கள். அந்தப் பழைய வண்டி மேசையின் செடானில் இன்னும் உருண்டுகொண்டிருக்கிறது. 25 குழல் மித்ரையோஸைப் பிரெஞ்சுப் படை பீரங்கியாகவே எண்ணியது. பீரங்கி வண்டியில் ஏற்றி, பீரங்கி வீரர்களிடம் கொடுத்து, பேட்டரியாக நிறுத்தியது. விளையாட்டுக்காரர்களோ இயந்திரத் துப்பாக்கி என்று நினைத்துக் காலாட்படை வரிசைக்கு நடுவே ஒன்றைச் செருகுகிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் செய்த அந்தத் தவற்றைக்கூட ஒழுங்காகக் காட்ட முடியவில்லை.

வேறுபாடுகளை விதிப்புத்தகம் கவனித்துக்கொள்ளும், பொம்மை வெறும் அடையாளம்தான் என்று ஒரு தற்காப்பு உண்டு. கேட்க அறிவாளித்தனமாக இருக்கிறது. அடையாளம் போதுமென்றால் பொம்மை எதற்கு? 1824இல் இளைய ரைஸ்விட்ஸ் வெளியிட்ட கிரீக்ஸ்பீல் என்ற போர் விளையாட்டில் 1:8000 வரைபடத்தின்மேல் சிறு கட்டைகளை நகர்த்திப் பிரஷ்ய அதிகாரிகள் போரைப் பயின்றார்கள். கட்டை எதையும் சித்திரிக்கவில்லை. ஆகவே பொய்யும் சொல்லவில்லை. பொத்தானுக்கும் பட்டைக்கும் வாரக்கணக்கில் வண்ணம் தீட்டியவர், பீரங்கிக்கு வரும்போது மட்டும் இது வெறும் அடையாளம் என்றால் அது கொள்கை ஆகாது, சோம்பல். அடையாளம் போதும் என்றால் வீரர்களையும் கட்டைகளாக வையுங்கள். சித்திரம் வேண்டும் என்றால் பீரங்கியையும் சித்திரியுங்கள்.

மூன்றடி வாதம் வீரனின் உயரத்துக்கு நன்றாகவே பொருந்தும். ஒரு மில்லிமீட்டர் அந்தத் தூரத்தில் உண்மையாகவே மறைந்துவிடும். வெண்கலத்துக்கும் எஃகுக்கும் உள்ள நிறம் மறையாது. எந்த வாயருகே ஆள் நிற்கிறான் என்பதும் மறையாது. ஆகவே வாங்கும் வரிசையைத் திருப்புங்கள். போரையும் ஆண்டையும் முடிவு செய்ததும் முதலில் அந்த ஆண்டின் பீரங்கியைத் தேடுங்கள். அது எந்த அளவில் கிடைக்கிறதோ அந்த அளவில் வீரர்களை எடுங்கள். சரியான பீரங்கி எந்த அளவிலும் கிடைக்காவிட்டால் வேறு போரை ஆடுங்கள்.