கண்ணின் இரத்த ஓட்டப் படத்தை எவ்வளவு நம்பலாம்?

ஒருவருக்குத் திடீரென ஒரு கண்ணில் பார்வை மங்கிவிடுகிறது. மருத்துவர் சோதிக்கையில் பார்வை நரம்பின் முகப்பு வீங்கியிருக்கிறது. காரணம் நரம்பின் அழற்சியா, நரம்புக்குச் செல்லும் இரத்தம் குறைந்ததா? பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்; மருத்துவமோ வேறு. லேசர் ஸ்பெக்கிள் கருவி ஊசியோ சாயமோ இன்றிச் சில நொடிகளில் இதற்கு விடை கூறிவிடும் என்கிறார்கள். இப்புகழ்ச்சியை இயற்பியல் வழிநின்று சற்றே உரசிப் பார்ப்போம்.

லேசர் ஒளி சுவரில் விழும்போது உற்றுக் கவனித்திருப்பீர்கள். ஒளிப் பொட்டு சீராக இராது; மணல் தூவினாற்போல் பொடிப்பொடியாக மின்னும். சுவரின் மேடுபள்ளங்களிலிருந்து சிதறிவரும் அலைகள் ஓரிடத்தில் ஒன்றையொன்று வலுப்படுத்தியும், மற்றோரிடத்தில் அழித்தும் வரைகின்ற கோலம் அது. (லேசரைக் கண்ணில் மட்டும் காட்டிவிடாதீர்கள். கருவியிலுள்ள ஒளி அளந்து குறைக்கப்பட்டது.) சிதறச்செய்யும் பொருள் நகர்ந்தால் கோலமும் கலையும். கண்ணுக்குள் நகர்பவை இரத்தச் சிவப்பணுக்கள். அவை விரைந்தோடினால் காமிராப் படத்தில் கோலம் அதிகமாகக் கலங்கும். 1980களின் தொடக்கத்தில் பிரையர்ஸ், ஃபெர்ச்சர் இருவரும் இம்முறையால் விழித்திரையின் இரத்த ஓட்டத்தைப் படமாக்கினர். ஜப்பானில் ஃபுஜி குழுவினர் அதைக் கண் மருத்துவக் கருவியாக வளர்த்தனர்.

அழற்சியால் வீங்கிய நரம்பு முகப்பில் கலக்க எண் உயர்வதையும், இரத்தக் குறைவால் வீங்கியதில் தாழ்வதையும் ஜப்பானிய ஆய்வுகள் காட்டின. இது மெச்சத்தக்கதே.

ஆனால் அந்த எண் எதை அளக்கிறது? நொடிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்றோ, நிமிடத்துக்கு இத்தனை மில்லிலிட்டர் என்றோ அதற்கு அலகு கிடையாது. வெறும் ஒப்பீட்டு எண். திசு எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது, எவ்வாறு சிதறச்செய்கிறது என்பதைப் பொறுத்தும் அது மாறும். வீங்கிய திசுவில் அத்தன்மைகளே மாறிவிடுகின்றன! ஒருவரின் அதே கண்ணை இன்றும் அடுத்த மாதமும் ஒப்பிடுவது முறை. இருவரின் எண்களை அருகருகே வைத்து நோயை முடிவு செய்வது, படிக்கல் இல்லாத இரு தராசுகளில் நிறுத்து விலை பேசுவதற்கு ஒப்பாகும்.

இன்னொன்று. அமெரிக்காவில் பார்வை நரம்பு அழற்சிக்காக நடந்த பெரிய மருத்துவ ஆய்வில், ஏறக்குறைய மூவரில் இருவருக்கு நரம்பு முகப்பு வீங்கவே இல்லை. அழற்சி விழிக்குப் பின்னால் இருந்தது. அங்கே இவ்வொளி எட்டாது.

முதியோருக்கு வரும் பெருஞ்செல் தமனி அழற்சியில்தான் எனக்கு அச்சம் மிகுதி. அதிலும் நரம்புக்கு இரத்தம் குறையும்; படம் தாழ்ந்த எண்ணையே காட்டும். ‘சாதாரண இரத்தக் குறைவு’ என்று எண்ணிவிடக் கூடாது. தலைவலி, மெல்லும்போது தாடைவலி ஆகியவற்றைக் கேட்டறிந்து, இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பி, ஸ்டீராய்டை உடனே தொடங்கவேண்டும். தாமதித்தால் சில நாட்களுக்குள் மற்றக் கண்ணும் பறிபோகலாம்.