மோட்டாரை மாற்றும் முன் காற்றுக்கு வழி விடுங்கள்

1987 முதல் 1996 வரை வந்த ஃபோர்டு எஃப்-150 பிக்அப்புகளுக்கு அமெரிக்காவில் இன்றும் மவுசு குறையவில்லை. அவற்றில் வந்த 4.9 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜின் உழைப்புக்குப் பேர் போனது. ஆனால் இன்ஜின் திடமாக இருக்கும் வண்டிகளில்கூட, ப்ளோயரை முழு வேகத்தில் வைத்தாலும் வென்ட்டில் காற்று லேசாகத்தான் வரும். முப்பது வருட இலை, தூசி, எலிக்கூடு எல்லாம் சேர்ந்தால் எந்த நிறுவனத்தின் வண்டிக்கும் இதே கதிதான்.

கோடையில் இது வெறும் புழுக்கம். மிச்சிகன் போன்ற மாநிலத்தின் குளிர்காலத்தில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். முன்கண்ணாடியில் படிந்த ஆவி விலகாவிட்டால் எதிரே வரும் வண்டி தெரியாது. அதனால் 1995 மாடல் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஹீட்டர், ஏசி இரண்டுக்கும் காற்றைக் கூட்டுவதாகச் சொல்லப்படும் வழிகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன்.

முதலில் காதைக் கொடுங்கள்

ஸ்பேனரைத் தொடும் முன் ப்ளோயரின் சத்தத்தைக் கேளுங்கள். மோட்டார் கீச்சென்று வேகமாகச் சுற்றியும் காற்று குறைவாக வந்தால் வழியில் அடைப்பு. உருளை வடிவ ப்ளோயர் விசிறிக்குத் தள்ளக் காற்று கிடைக்காதபோது அதன் சுமை குறைகிறது. அதனால்தான் வேகம் கூடுகிறது. மாறாக, மோட்டார் சோர்ந்து சுற்றினால் மின்சாரம் சரியாகப் போய்ச் சேரவில்லை, அல்லது பேரிங் தேய்ந்துவிட்டது.

புது மோட்டார் போட்ட பிறகும் காற்று மந்தமாக இருந்தால் வயர்கள் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். இவ்வகை விசிறி தலைகீழாகச் சுற்றினாலும் காற்று அதே பக்கம்தான் வரும், அளவு மட்டும் வெகுவாகக் குறையும். காற்று வருகிறதே என்று இந்தத் தவறை யாரும் சந்தேகிப்பதில்லை.

வெளிக்காற்று நுழையும் இடம்

வைப்பருக்கு அடியில் உள்ள கவுல் பகுதி வழியாகத்தான் வெளிக்காற்று உள்ளே நுழைகிறது. இந்த வண்டிகளில் கேபின் ஃபில்டர் கிடையாது. மரத்தடியில் நின்ற வண்டியென்றால் இலையும் பைன் ஊசியும் அங்கேயிருந்து ப்ளோயர் வரை இறங்கிவிடும். நான் பார்த்த வண்டியில் அதற்கு மேல் எலி கட்டிய கூடும் இருந்தது.

எலிப்புழுக்கை கிடந்தால் உலர்ந்த நிலையில் பெருக்காதீர்கள், வேக்குவம் கிளீனரும் வைக்காதீர்கள். அமெரிக்காவில் மான் எலிகள் ஹாண்டா வைரஸைப் பரப்புகின்றன. தூசியோடு மூச்சில் போனால் நுரையீரலைத் தாக்கி ஆளையே கொல்லக்கூடிய நோய் அது. கையுறை போட்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, ஈரத்தோடு துடைத்தெடுங்கள்.

சுத்தம் செய்தபின் அந்த வாயில் கால் அங்குலக் கம்பிவலை பொருத்தினேன். எலி நுழையாது, காற்றும் தடைபடாது. கொசுவலை போல நெருக்கமானது வேண்டாம். அதன்மேல் இலை ஒட்டிக்கொண்டு அதுவே அடைப்பாகிவிடும்.

எவாப்பரேட்டரின் முகம்

எனக்கு அதிகப் பலன் கிடைத்த இடம் இதுதான். ப்ளோயர் தள்ளும் காற்று முதலில் ஏசியின் எவாப்பரேட்டரையும் பிறகு ஹீட்டர் கோரையும் சந்திக்கிறது. ஏசி ஓடும்போது எவாப்பரேட்டர் ஈரமாக இருப்பதால் வந்த குப்பையெல்லாம் அதில் கம்பளி போல அப்பிக்கொள்கிறது. ஏசியே போடாத குளிர்காலத்திலும் ஹீட்டர் காற்று குறைவதற்கு இதுவே காரணம்.

ப்ளோயர் மோட்டாரும் அதன் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டரும் பானெட்டுக்கு அடியில், பயணி பக்கத்து ஃபயர்வாலில் இருக்கின்றன. கழற்றுவது சுலபம். அந்தத் துளை வழியே டார்ச் அடித்துப் பார்த்து, பெரிய குப்பையைக் கையால் எடுத்து, மென்மையான பிரஷ்ஷால் ஃபின்களை அவற்றின் போக்கிலேயே நீவி, அலுமினியத்துக்கு ஒத்துவரும் நுரை கிளீனரை அடித்தேன். அதற்கு முன் தண்ணீர் வெளியேறும் குழாய் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அடைபட்டிருந்தால் அழுக்குத் தண்ணீர் கேபினுக்குள் வரும். குளிர்வாயுக் குழாயை மட்டும் தொடாதீர்கள். அது சான்றிதழ் பெற்ற டெக்னீஷியனின் வேலை. வாயுவைக் காற்றில் திறந்துவிடுவது அமெரிக்காவில் சட்டப்படி குற்றம்.

ஏசி போட்டுக் கிளம்பியதும் நன்றாக வீசி, நெடுந்தூரம் போனபின் காற்று மட்டும் குறைந்து, ஏசியை அணைத்துச் சிறிது நேரத்தில் மறுபடி வந்தால் குப்பையைக் குற்றம் சொல்ல வேண்டாம். எவாப்பரேட்டரில் பனிக்கட்டி உறைகிறது. கம்ப்ரஸரை விட்டுவிட்டு ஓடவைக்கும் பிரஷர் ஸ்விட்சையும் குளிர்வாயுவின் அளவையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

கதவுகளும் வேக்குவமும்

டாஷ்போர்டுக்குப் பின்னால் காற்றைத் திருப்பும் சிறு கதவுகளின் ஓரத்தில் ஸ்பாஞ்ச் ஒட்டியிருக்கும். வென்ட்டிலிருந்து கறுப்புத் துகள் பறந்து வந்தால் அது பொடிந்துவிட்டது என்று பொருள். கதவு சரியாக மூடாமல், முகத்துக்கு வரவேண்டிய காற்று காலுக்கும் கண்ணாடிக்கும் பிரிந்துபோகும். க்ளவ் பாக்ஸைக் கழற்றிக் கை எட்டிய இடங்களில் தண்ணீர் உறிஞ்சாத ஃபோம் டேப் ஒட்டினேன். காற்றுக் குழாய் இணைப்புகளில் அலுமினிய ஃபாயில் டேப் சுற்றினேன். துணி டேப்பின் பசை ஹீட்டர் சூட்டில் இளகிவிடும், அதைத் தவிருங்கள்.

காற்று எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை இந்த வண்டியில் இன்ஜினின் வேக்குவம் நிர்ணயிக்கிறது. வேக்குவம் இழந்தால் காற்று தானாக முன்கண்ணாடிக்குப் போய்விடும்; பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு அது. மேடு ஏறும்போது மட்டும் முகத்துக்கு வரும் காற்று கண்ணாடிக்குத் தாவினால் வேக்குவம் சேமிக்கும் டப்பாவையும் ஒருவழி வால்வையும் பாருங்கள். வெடித்த ரப்பர் குழாயை மாற்றுவது மிக மலிவான வேலை.

வயரிங்கும் ரிலேயும்

இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் அளவு இருக்கும். ப்ளோயரை முழு வேகத்தில் வைத்து மோட்டார் முனையில் மல்டிமீட்டர் வைத்தால், பழைய வண்டிகளில் ஒரு வோல்ட்டுக்கு மேல் குறையக் காணலாம். பழைய ஸ்விட்சும் கறுத்த கனெக்டரும் அதை விழுங்குகின்றன. மோட்டாரின் வேகம் ஏறக்குறைய வோல்டேஜைப் பின்பற்றும், காற்றின் அளவு வேகத்தைப் பின்பற்றும். எனவே பத்தில் ஒரு பங்கு வோல்டேஜ் போனால் காற்றிலும் கிட்டத்தட்ட அதே பங்கு போகும்.

இதற்கு வழி, முழு வேகத்துக்கான மின்சாரத்தைப் பேட்டரியிலிருந்தே ரிலே வழியாக மோட்டாருக்குக் கொடுப்பது. பேட்டரி அருகே 30 ஆம்பியர் ஃப்யூஸ், 10 கேஜ் வயர், ஒரு ரிலே, பளிச்சென்ற எர்த் இணைப்பு: இவ்வளவுதான் செலவு. முழு வேகத்தில் வித்தியாசம் உண்டு, ஆனால் எவாப்பரேட்டரைச் சுத்தம் செய்தபோது கிடைத்த அளவுக்கு இல்லை. குறைந்த வேகங்கள் ரெசிஸ்டர் வழியே போவதால் அவற்றில் மாற்றம் இராது. முழு வேகம் மட்டும் வேலை செய்து மற்றவை செத்திருந்தால் ரெசிஸ்டர் எரிந்துவிட்டது.

அதிக சக்தி கொண்ட மோட்டாரை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது கூடுதல் ஆம்பியர் இழுக்கும், ரெசிஸ்டரின் கனெக்டர் உருகும் அபாயம் உண்டு. அடைபட்ட குழாயில் பெரிய பம்ப்செட் வைத்துத் தண்ணீரை எதிர்பார்ப்பது போலத்தான் அது. ஃப்யூஸ் போகிறதென்று பெரிய ஃப்யூஸ் போடுவது வண்டிக்கு நெருப்பு வைப்பதற்குச் சமம்.

வெளியேறவும் வழி வேண்டும்

உள்ளே வந்த காற்று வெளியே போனால்தான் புதுக்காற்று வரும். பல பிக்அப்புகளில் கேபினின் பின்பக்கம் ரப்பர் மடிப்புடன் காற்றுப்போக்கி உண்டு. கம்பளமோ கருவிப்பெட்டியோ அதை மறைத்தால் காற்று திணறும். வெளிக்காற்று உள்ளே வரும் நிலையில் வைத்துக்கொண்டு ஜன்னலைச் சற்றே இறக்குங்கள். வென்ட்டில் காற்று கூடினால் பின்வழி அடைபட்டிருக்கிறது.

தீர்ப்பு

சுத்தம் செய்வதே முதலிடம், அதிலும் எவாப்பரேட்டர். அடுத்து ஸ்பாஞ்சும் வேக்குவமும். மூன்றாவது ரிலே. மோட்டார் தேய்ந்திருந்தால் மட்டும், அதே அளவில் புதியது வாங்குங்கள். காற்று நன்றாக வந்தும் சூடு இல்லையென்றால் அது வேறு நோய். தெர்மோஸ்டாட்டையும் ஹீட்டர் கோரையும் பாருங்கள். பழைய பிக்அப் வைத்திருப்பவர்கள் குளிர்காலத்துக்கு முன் ஒரு முறை ப்ளோயரைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் அதற்கு மேல் செலவு தேவைப்படாது.