லயத்திலிருந்து ஊருக்கு: சப்ரகமுவ தோட்ட வீடமைப்பின் நான்கு மரபுகள்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் நம்மவர் குடியிருந்த முறைகளை நான்கு மரபுகளாக வகுக்கலாம். தொழிலாளியை யாராக மதித்தார்கள் என்பதை ஒவ்வொன்றின் சுவரும் சொல்லும்.

முதலாவது லயம். துரைமார் ஆள் கணக்குப் பார்த்துக் கட்டியது. 10 அடிக்கு 12 அடியில் ஒரு காம்பரா, முன்னால் இஸ்தோப்பு, எல்லோருக்கும் ஒரே பீலி. சில இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயம். அங்கே பின்சுவரில் ஜன்னலுக்கே வழியில்லை. குடும்பங்கள் பெருகின, லயம் நீளவில்லை. மகனுக்குக் கலியாணமானால் இஸ்தோப்பைத் தகரத்தால் அடைத்து இன்னோர் அடுப்பு மூட்டினார்கள். 120 சதுர அடியில் மூன்று தலைமுறை வாழ்ந்தது இப்படித்தான்.

இரண்டாவது, 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையான பின் வலுப்பெற்ற திருத்த மரபு. கூரை மாற்றினார்கள், மலசலகூடம் கட்டினார்கள், சில இடங்களில் இரட்டை வீடுகளும் எழுப்பினார்கள். வசதி கூடியது, உரிமை கூடவில்லை.

மூன்றாவது மாடி வீடு. நிலத்தை மிச்சம்பிடிக்கலாம் என்றார்கள். கீரைப்பாத்திக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் மண் வேண்டிய மக்களோ அதை அடுக்கி வைத்த லயம் என்றே கண்டார்கள்.

நான்காவது தனி வீடு: 7 பேர்ச் காணி, 550 சதுர அடி வீடு. 7 பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. வீடு போக முற்றமும் தோட்டமும் மிஞ்சும். இந்திய உதவியில் முதலில் வந்த 4,000 மலையக வீடுகள் மத்திய, ஊவா மாகாணங்களுக்கே உரியவை. சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கும் நம் இரப்பர் தோட்டங்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. 2017 மே மாதம் நோர்வூட்டில் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார்.

ஆனால் வீடுகளை வரிசையாகக் கட்டிவிட்டால் மட்டும் ஊர் உருவாகிவிடாது. அதற்கு மூன்று அளவுகோல்கள் உண்டு.

முதலில் நிலம். 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை சரிந்தது. அதே நாட்களில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மண் சரிந்து உயிர்களைக் குடித்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பார்த்து ஒப்புக்கொள்ளாத சரிவில் அத்திவாரம் வெட்டவே கூடாது.

அடுத்தது உறுதி. தோட்டக் காணி அரசினுடையது. 1992 முதல் நிர்வாகம் கம்பெனிகளிடம். காணி உறுதி கையில் இல்லாதவர் தம் வீட்டிலேயே வாடகைக்காரர் போல் இருப்பார்.

மூன்றாவது உள்ளூராட்சி. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், சபை தன் நிதியைத் தோட்டத்துக்குள் செலவிடத் தடையாக இருந்தது. 2018இல் திருத்தம் வந்தது. பாதை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றைக் கேட்க இன்று சட்டம் நம் பக்கம்.

இனி எழும் ஒவ்வொரு குடியிருப்பையும் இந்த மூன்றாலும் அளப்போம். ஒன்று குறைந்தாலும், திறப்பு விழாவுக்கு முன்பே சபையிலும் தொழிற்சங்கத்திலும் கேள்வி எழுப்புவோம்.