மாற்றிய மறுவாரத்துத் தீர்ப்பு

போன ஆவணியில் போன் மாற்றினேன். பழையது நான்கு வருடம் உழைத்த போன். திரையில் கீறல் விழுந்து, கீறல் விரிசலாகி, சார்ஜ் மதியம் 2 மணியைத் தாண்டாத நிலைக்கு வந்திருந்தது. கம்பத்தில் புதியதை வாங்கி, சிம்மைப் போட்டுக்கொண்டு சுருளிப்பட்டி வந்து இறங்கியதுமே டீக்கடையில் கேட்டுவிட்டார்கள்: "பழசுக்கு இது தேவலையா?"

ஒரு வாரத்தில் பதில் தயார். பேட்டரி பிரமாதம். மலை ஏறினாலும் சிக்னல் நிற்கிறது. தமிழ் அடிக்க மோசம். கேமரா மட்டம், படமெல்லாம் வெளிறிப்போய் வருகிறது. கேட்டவர்களிடமெல்லாம் இதையே சொன்னேன். என் பேச்சை நம்பி இரண்டு பேர் அந்தப் போனை வாங்காமல் விட்டார்கள், ஒருவர் வாங்கினார். ஆறு மாதம் கழித்து, ஒரு ஏலக்காய்ப் பருவமும் ஒரு திராட்சை வெட்டும் முடிந்த பிறகு யோசித்தால், அந்த நான்கு தீர்ப்பில் மூன்று போனைப் பற்றியதே அல்ல. நான்காவது போனைப் பற்றியதுதான், ஆனால் தலைகீழ்.

இரண்டையும் வைத்திருந்தவன் வாயால் வரும் ஒப்பீட்டை நம் ஊரில் எல்லாரும் நம்புகிறோம். விளம்பரத்தைவிட, யூடியூபில் பெட்டி பிரித்துக் காட்டுகிறவரைவிட, பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னால் எடுபடும். அந்த நம்பிக்கை வெறும் பழக்கம் இல்லை. பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் கணக்கு எங்கள் வேலைக்குப் பெரிதாக உதவுவதில்லை. என் பழைய போனின் முதுகில் நான்கு கேமரா, புதியதில் மூன்று. எண்ணினால் பழையதுதான் ஜெயிக்கும்.

திராட்சைக் கொடியில் அடிச்சாம்பல் நோய் வந்தால் இலையின் மேல்பக்கம் எண்ணெய் சிந்தியதுபோல மஞ்சள் திட்டு விழும், அடிப்பக்கம் வெள்ளையாகப் பூஞ்சை பூக்கும். அதைப் படம் எடுக்கப் பந்தலுக்குக் கீழே நின்று, போனை மேலே தூக்கி, இலைக்கு நாலு விரற்கடை தூரத்தில் பிடிக்க வேண்டும். பழைய போனில் கிட்டத்தில் எடுக்கவென்றே தனி லென்ஸ் உண்டு. 2 மெகாபிக்சல்தான், தானாக ஃபோகஸ் ஆகாது. பூஞ்சையும் தெளித்த போர்டோ கலவையின் கறையும் அதில் ஒன்றுபோலத் தெரியும். புதியதில் அந்த லென்ஸே இல்லை. அகலக் கோணக் கேமராவே பக்கத்தில் வந்து ஃபோகஸ் ஆகிக்கொள்கிறது, பூஞ்சையின் நூல் நூலான பரப்புகூடப் படத்தில் விழுகிறது. மருந்துக் கடைக்கோ, ஆனைமலையன்பட்டியில் இருக்கும் திராட்சை ஆராய்ச்சி நிலையத்துக்கோ இலையைப் பறித்துக்கொண்டு போன காலம் போய், படம் எடுத்து அனுப்பிக் கேட்கிற காலம் இது. படத்தில் நோய் தெரியாவிட்டால் மருந்து மாறிப்போகும். பந்தலுக்குக் கீழே நிற்கிறவன் ஒப்பிட்டால்தான் இது தெரியவரும், எந்தச் சோதனைக்கூடமும் இதைப் பார்த்துச் சொல்லப்போவதில்லை. இந்த வழக்கத்தின் பலம் முழுக்க இதில்தான் இருக்கிறது.

பலவீனம் எங்கே என்றால், எதனால் எது நடந்தது என்று பிரிக்காமல் எல்லாவற்றையும் போனின் தலையில் கட்டுவதில்.

சிக்னலை எடுத்துக்கொள்கிறேன். போன் மாற்றிய கையோடு இரண்டு சிம்மில் ஒன்றை வேறு நிறுவனத்துக்கு மாற்றியிருந்தேன். போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவு. பழைய போனில் பாதி வளைவிலேயே பேச்சு அறுந்துவிடும், புதியதில் பேசிக்கொண்டே போக முடிந்தது. போன்தான் காரணம் என்று ஊருக்கெல்லாம் சொன்னேன். தை மாதம் ஒரு வேலையாக அதே சாலையில் ஏறியபோது, புதிய சிம்மைப் பழைய போனில் போட்டுப் பார்த்தேன். அதிலும் பேச்சு அறவில்லை. டவர் எங்கே நிற்கிறது, எந்த அலைவரிசையில் அனுப்புகிறது என்பதில்தான் விஷயம் இருந்திருக்கிறது. 700, 850 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை மலை மடிப்பைச் சுற்றிக்கொண்டு கொஞ்சம் வளைந்து வரும். நகரங்களில் 5ஜிக்கு அதிகம் பயன்படும் 3300 மெகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் குன்று மறித்தால் நின்றுவிடும். போன்களுக்குள் ஆண்டெனா வித்தியாசம் இல்லை என்று சொல்ல வரவில்லை. இரண்டு போன், இரண்டு சிம், ஒரே பயணத்தில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்காதவரை அந்த வித்தியாசத்தைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லை.

தமிழ் அடிப்பதிலும் இதே கதை. நான்கு வருடத்தில் பழைய போனின் விசைப்பலகை என் ஊரைக் கற்றிருந்தது. 'கா' அடித்தால் காமயகவுண்டன்பட்டி வரும், 'கோ' அடித்தால் கோம்பை. புதியதோ 'கா'வுக்குக் காதல் என்றது, 'கோ'வுக்குக் கோவில் என்றது. எரிச்சலில் போனையே திட்டினேன். விசைப்பலகை ஒரு செயலி. கற்ற சொற்களைச் சேமித்து மாற்றும் வசதி அதிலேயே இருந்ததை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. மார்கழிக்குள் புதியதும் ஊரைக் கற்றுக்கொண்டது. 2017-இல் கூகுள் தமிழுக்குக் குரல்வழித் தட்டச்சைக் கொண்டுவந்தபோது, எழுதத் தயங்கிய என் சித்தப்பா மாதிரி ஆட்களும் செய்தி அனுப்பத் தொடங்கினார்கள். அது 'அங்கிட்டு', 'இங்கிட்டு' என்பதை இப்போதும் சில நேரம் தடுமாறித்தான் எழுதுகிறது. எந்தப் போனில் பேசினாலும் அதே தடுமாற்றம்தான். இருபது வருடத்துக்கு முன் போனில் தமிழ் எழுத்தே கட்டம் கட்டமாகத் தெரிந்த நாளை நினைத்தால், இன்று இதை ஒரு குறையாகச் சொல்லும் இடத்துக்கு வந்திருப்பதே பெரிது.

இனி அந்த வெளிறிய படம். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

என் மனைவியின் தம்பி போடியில் ஏலக்காய் வியாபாரம் பார்க்கிறார். ஏலக்காயில் பருமனும் பச்சையும்தான் விலை. 8 மில்லிமீட்டருக்கு மேல் திரண்ட காய், நிறம் வெளுக்காமல் இருந்தால் தனி மதிப்பு. ஸ்டோரில் உலர்த்தும்போது சூடு கொஞ்சம் கூடிவிட்டால் பச்சை மங்கும், கிலோவுக்கு நூற்றுக்கணக்கில் அடி விழும். ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் போடியிலும் மலைக்கு அந்தப் பக்கம் புற்றடியிலும் நடக்கிறது. விலை கேட்பது கணினியில் என்றாலும், மாதிரிக் காயைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பார்த்து, பிளந்து முகர்ந்த பிறகுதான் கேட்கிறார்கள். ஏலத்துக்கு வெளியே, வடநாட்டு வியாபாரிக்கு வாட்ஸாப்பில் படம் அனுப்பிப் பேசுகிற வியாபாரமும் உண்டு. அங்கே மாதிரிக் காய் கிடையாது, படம்தான்.

ஒரு நாள் அவர் கடையில் ஒரே தட்டுக் காயை இரண்டு போனிலும் எடுத்துக் காட்டினேன். பழைய போனின் படம் கண்ணைப் பறித்தது. புதியதில் காய் சோர்ந்து கிடந்தது. "இதான் மாப்ள நான் சொன்னது, கேமரா தேறாது" என்றேன். அவர் தட்டையும் இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மச்சான், உங்க பழைய போன்ல காய் சாயம் போட்ட மாதிரி இருக்கு. புதுசுலதான் காய் காயா இருக்கு."

ஏலக்காய் வியாபாரத்தில் சாயம் போட்ட காய் என்பது சாதாரண வசவு இல்லை. மங்கிய காய்க்குப் பச்சைச் சாயம் ஏற்றி விற்கும் மோசடி இங்கே பழையது, சட்டப்படி குற்றம். என் போன் நான்கு வருடமாக அதைத்தான் திரைக்குள் செய்திருக்கிறது. கேமராவின் சென்சார் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியாக வரும் ஒளியின் அளவைத்தான் குறிக்கிறது. எது வெள்ளை, எந்த விளக்கின் கீழ் எடுத்தது என்பதை மென்பொருள் ஊகித்து நிறத்தை முடிவு செய்கிறது. பழைய போனில் அதற்கு மேலும் ஒரு படி: இது செடி, இது சாப்பாடு என்று அடையாளம் கண்டு அதற்கேற்ப நிறத்தைக் கூட்டும் வசதி, வாங்கிய நாள் முதலே இயக்கத்தில் இருந்திருக்கிறது. பார்க்கிறவருக்குப் பிடிக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். பிறந்தநாள் படத்துக்கு அது நல்லது. விலை பேசும் படத்துக்கு அது பொய். படத்தைப் பார்த்து விலை சொன்னவர், மூட்டை பிரிந்ததும் காய் வேறு என்பார். அனுப்பியவர் மனமறிந்து ஏமாற்றியிருக்க மாட்டார், ஆனாலும் பெயர் கெடும்.

அன்றிலிருந்து மைத்துனர் தட்டின் ஓரத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, வாசல் நிழலில்தான் படம் எடுக்கிறார். தாள் படத்தில் மஞ்சளாகவோ நீலமாகவோ விழுந்தால், காயின் நிறத்தையும் நம்ப வேண்டாம் என்று வாங்குகிறவருக்குத் தெரிந்துவிடும். எந்தப் போன் நல்லது என்ற கேள்வியைவிட இந்தத் தாள் அவருக்கு உதவியிருக்கிறது. என் முதல் வாரத் தீர்ப்பு ஏன் தலைகீழானது என்பதும் அங்கேதான் விளங்கியது. கூடுதல் பச்சையை நான்கு வருடம் பார்த்துப் பார்த்து, என் கண் அதையே அளவுகோலாக எடுத்துக்கொண்டிருந்தது. புதியதைப் பழையதோடு ஒப்பிட்டேனே தவிர, இரண்டையும் காயோடு ஒப்பிடவில்லை.

போனைப் பற்றிய உண்மையான வித்தியாசங்கள் முதல் வாரப் பட்டியலில் வரவே இல்லை. ஒன்று கைரேகை. பழையதில் பக்கவாட்டில் பொத்தான், புதியதில் திரைக்கு அடியில் ரேகை பார்க்கும் இடம். என் விரலுக்கு இரண்டும் ஒன்றுதான். வாழ்நாளெல்லாம் குலை வெட்டிய அம்மாவின் விரலில் ரேகை தேய்ந்துபோயிருக்கிறது. பொத்தான் மூன்று முறைக்கு ஒரு முறை திறந்தது, திரை திறப்பதே இல்லை. விடியற்காலையில் கம்பத்திலிருந்தும் தேவாரத்திலிருந்தும் ஜீப்பில் மலையேறிக் காய் பறிக்கப் போகும் பெண்களிடம் கேட்டால் இதுதான் முதல் குறையாக வரும். அவர்களில் யாரையும் போன் விமரிசனம் எழுத ஒருவரும் கூப்பிட்டதில்லை.

இன்னொன்று பேச்சைப் பதிவு செய்வது. இதில் எனக்கே இன்னும் மனம் ஒரு பக்கம் நிற்கவில்லை. பழைய போன் எந்த அழைப்பையும் சத்தமில்லாமல் பதிவு செய்து வைக்கும். கமிஷன் மண்டியில் போனில்தான் விலை பேசுவோம். கிலோ இவ்வளவு என்று ராத்திரி ஒப்புக்கொண்டு, லோடு போய்ச் சேர்ந்த பிறகு "அப்படிச் சொல்லவே இல்லை" என்று ஒருவர் சொன்னபோது, அந்தப் பதிவைப் போட்டுக் காட்டித்தான் என் பணத்தை வாங்கினேன். 2022 மே மாதம் கூகுள், வெளிச் செயலிகள் அழைப்பைப் பதிவு செய்யும் வழியை அடைத்தது. புதிய போனில் இருப்பது கூகுளின் சொந்த அழைப்புச் செயலி. பதிவைத் தொடங்கினால் இரண்டு பக்கமும் கேட்கும்படி அறிவித்துவிடும். 2024 அக்டோபரில் ஐபோனுக்குப் பதிவு வசதி வந்தபோதும் அறிவிப்போடுதான் வந்தது. அறிவிப்பு கேட்டதும் எதிர்முனைக் குரல் மாறிவிடுகிறது, "நேர்ல வாங்க பேசிக்கலாம்" என்கிறார்கள். தன் பேச்சு பதிவாகிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை மண்டிக்காரருக்கும் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ரசீதும் கையெழுத்தும் இல்லாத வியாபாரத்தில் சிறு விவசாயியிடம் இருந்த ஒரே சாட்சி அந்தப் பதிவுதான். நேர்மையில் புதியது மேல். என் நிலைமைக்குப் பழையது உதவியது. இப்போது விலை பேசி முடித்ததும் "கிலோ இவ்வளவுன்னு பேசிக்கிட்டோம், சரிதானேண்ணே" என்று வாட்ஸாப்பில் ஒரு வரி அனுப்பிவிடுகிறேன். சிலர் சரி என்று பதில் போடுகிறார்கள். சிலர் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள். பேசாமல் இருக்கிறவருக்கு நான் லோடு ஏற்றுவதில்லை.

மிச்சம் பேட்டரி. சுமார் 500 முழுச் சார்ஜுக்குப் பிறகு முதல் நாள் கொள்ளளவில் 80 சதவீதம் மிஞ்சும்படிதான் பெரும்பாலான போன் பேட்டரிகள் பல வருடமாகச் செய்யப்பட்டு வந்தன. என் பழையது தினம் ஒன்றரை முறை சார்ஜ் குடித்து நான்கு வருடம் ஓடியது. கிழட்டு பேட்டரியையும் பிறந்த பேட்டரியையும் பக்கத்தில் நிறுத்தி, புதிய போன் பிரமாதம் என்று சொல்லியிருக்கிறேன். பங்குனியில் தேனிக்குப் போனபோது பழைய போனில் புது பேட்டரியும் புதுத் திரையும் போட்டு வாங்கினேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலை இரண்டு போனையும் ஒரே நேரத்தில் சார்ஜிலிருந்து எடுத்தேன், ராத்திரி 9 மணிக்குப் பழையதில் 38, புதியதில் 41. பொத்தானில் விரல் வைத்தால் திறக்கிற அந்தப் போனை இப்போது அம்மா வைத்திருக்கிறார். செடிக்கு நிறம் கூட்டும் வசதியை மட்டும் அணைத்துக் கொடுத்தேன்.