புதுமுக மாணவரும் பொதுவாசிப்பும்: சாப்பல் ஹில் நூல்தேர்வை முன்வைத்து

அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில், புதிதாகச் சேரும் மாணவர் அனைவரும் கோடை விடுமுறையில் ஒரே நூலைப் படித்துவந்து, வகுப்புகள் தொடங்கும் வேளையில் சிறு குழுக்களாக அமர்ந்து அதுபற்றி உரையாடும் வழக்கம் உண்டு. இயற்பியல் பயில வந்தவரும் இசை பயில வந்தவரும் தம்முள் பேசிக்கொள்ள ஒரு பொதுப்பொருள் வேண்டும் என்பதே இதன் அடிப்படை. இத்திட்டங்கள் குறித்த விவாதங்கள் பெரும்பாலும் எந்நூலைத் தேர்வது என்பதோடு நின்றுவிடுகின்றன; தேர்ந்த நூலை எவ்வாறு படிப்பது என்னும் வினா எழுவதே அரிது. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் சாப்பல் ஹில் வளாகத்தில் 2002-இல் நிகழ்ந்தவை இதற்குத் தக்க சான்று.

அவ்வளாகத்தில் 1999-இல் தொடங்கிய கோடை வாசிப்புத் திட்டத்திற்கு, 2002-ஆம் ஆண்டு மைக்கேல் செல்ஸின் ‘அப்ரோச்சிங் தி குர்ஆன்’ தேர்வாயிற்று. செப்டம்பர் 11 தாக்குதல்கள் நிகழ்ந்து ஓராண்டுகூட நிறைவடையாத காலம் அது. அரசுப் பல்கலைக்கழகம் ஒரு சமயத்தைப் பரப்புகிறது என மாணவர் சிலரும் கிறித்தவ அமைப்பொன்றும் வழக்குத் தொடுத்தனர். நூலைப் படிக்க விரும்பாதோர் அதற்கான காரணத்தை ஒரு பக்க அளவில் எழுதித் தரலாம் எனப் பல்கலைக்கழகம் விதியைத் தளர்த்தியது. ஆகஸ்டில் நீதிமன்றம் தடைவிதிக்க மறுத்தது, உரையாடல் நடந்தேறியது.

வழக்கின் இருதரப்பும் நூலை ஒரு செய்தித் தொகுதியாகவே கருதின என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. போர் குறித்த பகுதிகள் விடுபட்டுள்ளன என்றனர் எதிர்த்தோர். செல்ஸ் மொழிபெயர்த்தவை மக்காவின் தொடக்ககாலத்தைச் சார்ந்த 35 அத்தியாயங்கள். தொடக்ககால வெளிப்பாடுகள் என நூலின் துணைத்தலைப்பே வரையறை கூறிவிடுகிறது. ஆகவே மறைத்தல் என்னும் குற்றச்சாட்டு நிற்பதன்று. எனினும் அவ்வெதிர்ப்பில் ஓர் உண்மைக்கூறு இல்லாமலில்லை. தாக்குதல்களுக்குப் பின் இசுலாத்தை அறியும் வாய்ப்பு எனப் பல்கலைக்கழகம் தன் தேர்வுக்கு நியாயம் கூறியது. அந்நோக்கத்திற்கு இந்நூல் போதாது, அந்நோக்கத்திற்காக எழுதப்பட்டதுமன்று. நூலை எதிர்த்தோரைவிட அதற்காக வாதிட்டோரே அதற்கு மிகுந்த அநீதி இழைத்தனர் எனலாம்.

ஏனெனில் இந்நூலின் உயிர் ஓசையில் உள்ளது. ஓதுதலின் ஒலிப்பதிவுத் தட்டு நூலோடு இணைக்கப்பட்டுள்ளது. ஐந்தே வசனங்கள் கொண்ட ‘அல்கத்ர்’ அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு, ஒலியியைபும் இலக்கணப் பாலும் பின்னிப் பொருள் தரும் முறையைச் செல்ஸ் விரித்துரைக்கிறார். யாப்பும் தொடையும் பயின்ற தமிழாய்வாளர்க்கு இது அயலானதன்று. ஆனால் பல துறைகளிலிருந்தும் முன்வந்த ஆசிரியர்களும் அலுவலர்களும் வழிநடத்த, இரண்டு மணி நேரத்தில் முடியும் உரையாடலில் இத்தகு வாசிப்புக்கு எவ்வளவு இடம் கிடைத்திருக்கும்? நூல் பின்தள்ளப்பட்டு அதன் ‘தலைப்புப்பொருள்’ முன்னிற்பது இத்திட்டங்களின் அமைப்பிலேயே உள்ள குறை. 2003-இல் அதே வளாகத்தில் பார்பரா எரன்ரைக்கின் ‘நிக்கல் அண்ட் டைம்டு’ அரசியல் சார்புக்காக எதிர்க்கப்பட்டது. சார்ல்ஸ்டன் கல்லூரி அலிசன் பெக்டெலின் ‘ஃபன் ஹோம்’ என்னும் சித்திர நூலைத் தேர்ந்தமைக்காக, அதன் நிதியில் 52,000 டாலரைக் குறைக்கத் தென் கரோலினாக் கீழவை 2014-இல் வாக்களித்தது. படிக்கப்படாத நூல்கள்மீதே இத்துணைச் சினமும்!

தமிழகக் கலை, அறிவியல் கல்லூரிகளில் பகுதி ஒன்றாகத் தமிழைப் பயில்வோர்க்குப் பொதுவாசிப்பு பாடத்திட்டமாகவே உள்ளது. வணிகவியல் மாணவரும் வேதியியல் மாணவரும் ஒரே செய்யுள் திரட்டைப் பயில்கின்றனர். தேவாரமும் திவ்வியப் பிரபந்தமும் சீறாப்புராணமும் தேம்பாவணியும் ஒரே திரட்டில் அடுத்தடுத்து அமைவது பல பாடத்திட்டங்களில் வழக்கம். மானுக்குப் பிணை நின்ற படலத்தை எல்லாச் சமய மாணவரும் படிக்கின்றனர். அது சமயப் பரப்பல் என எவரும் நீதிமன்றம் ஏறவில்லை. இவ்விணக்கம் தமிழிலக்கிய மரபின் பெருமிதமாகப் பேசப்படுவதுண்டு. பெருமிதம் முற்றிலும் தவறன்று. எனினும் அதற்கு மற்றொரு காரணமும் இருத்தல் கூடும். படலத்தின் கதையைத் தொகுத்தெழுதச் சொல்லும் வினாவுக்கு, பத்து மதிப்பெண் அளவில், கையேட்டிலிருந்து விடை எழுதுமிடத்தில் எந்நூலும் எவரையும் தொந்தரவு செய்வதில்லை. சாப்பல் ஹில்லில் முழுநூல் கிடைத்தது, நேரம் கிடைக்கவில்லை. இங்கு நேரம் பருவம் முழுவதும் உண்டு, கிடைப்பது துணுக்கு.

இரண்டையும் இணைத்துப் பார்க்கலாம். முதற்பருவத்தின் தொடக்க வாரங்களில் தேர்வுக்குரியதல்லாத ஒரு படலத்தை முழுமையாக வகுப்பில் வாய்விட்டுப் படிக்கச் செய்தல் இயலாததன்று; கூடுதல் நிதியும் வேண்டா. தன் கன்றுக்குப் பாலூட்டித் திரும்புவதாக வேடனிடம் பிணைபட்ட மான் வாக்களிக்குமிடத்தில் விருத்தத்தின் ஓசை எவ்வாறு நடக்கிறது, அரபு நாட்டு நிலத்தை உமறுப்புலவர் தமிழ்நிலத்தின் வளத்தோடு ஏன் பாடினார் என்னும் வினாக்களை அவ்வகுப்பில் எழுப்பலாம். பிந்திய வினாவுக்கு ஆசிரியர்கள் தம்முள்ளேயே ஒத்த விடை சொல்லமாட்டார்கள். அதனாற்போலும் அது வினாத்தாளில் இடம்பெறுவதில்லை.