விமானக் கண்ணாடி வரையும் கலை

ஃப்ளைட் சிமுலேட்டர் விமான மாதிரிகளில் நான் முதலில் பார்ப்பது கண்ணாடியைத்தான். உடலுக்கு வண்ணம் பூசுவதைவிட, ஒளியை உள்ளே விடும் பொருளை வரைவதில்தான் கைத்திறன் தெரிகிறது.

2006-இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸை எடுத்துக்கொள்வோம். அதன் விமான மாதிரிகளின் மேல் போர்த்தப்படும் டெக்ஸ்சர் படத்தில் சிவப்பு, பச்சை, நீலத்தோடு ஆல்ஃபா என்ற நான்காவது அடுக்கும் இருக்கலாம். கண்ணாடியைப் பொறுத்தவரை அதில் கறுப்பு (0) பார்வையை முழுக்கக் கடக்க விடும். வெள்ளை (255) முழுக்க மறைக்கும். நல்ல கண்ணாடி கறுப்பை ஒட்டிய சாம்பல் நிறத்தில் பிறக்கிறது. படத்தைச் சேமிக்கும் வடிவமும் முக்கியம்: டிஎக்ஸ்டி1 வடிவத்துக்கு மறைப்பதும் காட்டுவதும் மட்டுமே தெரியும். மென்மையான படிநிலைகளுக்கு டிஎக்ஸ்டி5 போன்ற வடிவம் வேண்டும்.

சட்டத்தை ஒட்டிச் சற்று அடர்த்தி, நடுவில் தெளிவு. ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் மூடி என்றால், துடைத்துத் துடைத்து விழுந்த மெல்லிய கீறல்கள். இவ்வளவு போதும், உயிர் வந்துவிடும். மென்பொருள் பாகங்களைத் திரையில் வரையும் வரிசையும் முக்கியம்: கண்ணாடியைக் கடைசியில் வரையாவிட்டால், அதற்குப் பின்னால் இருக்கும் இருக்கையும் விமானியும் காணாமல் போகக்கூடும்.

அடுத்த முறை சூரியனை நோக்கி விமானத்தைத் திருப்பும்போது, கருவிகளை விட்டுவிட்டு அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் பாருங்கள். செய்தவரின் பொறுமைக்கு நாம் தரும் மரியாதை அதுதான்.