ஆள் ஒரு மாதிரி!

‘மை நேம் இஸ் கான்’ படத்தைப் போன வாரம் டி.வி.யில் மறுபடி பார்த்தேன். 2010-ல் தியேட்டரில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவன் நான். இந்தத் தடவை அழுகை வரவில்லை. வெட்கம்தான் வந்தது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

படம் ஆரம்பிப்பதே ஏர்போர்ட்டில். ரிஸ்வான் கான் யார் முகத்தையும் பார்க்காமல், வாய்க்குள் எதையோ முணுமுணுத்தபடி வரிசையில் நிற்கிறான். அதிகாரிகளுக்குச் சந்தேகம். தனியே கூட்டிக்கொண்டு போய்ச் சோதனை போடுகிறார்கள். அவனுக்கு ஆஸ்பெர்கர். இப்போது அதையும் ஆட்டிசம் என்ற ஒரே குடைக்குள் சேர்த்துவிட்டார்கள். விஷயம் தெரிந்த நமக்குப் பதறுகிறது. ‘அடப்பாவிகளா, அவன் ஒண்ணும் பண்ணலைடா!’ ஷாரூக் கானுக்கு ஃபிலிம்ஃபேர் விருதும் கிடைத்தது.

சாய்ந்த தலை, நழுவும் பார்வை, தட்டையான குரல். திரையில் இதற்கெல்லாம் விருது. அதே தலையும் அதே பார்வையும் பஸ்ஸில் நம் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தால்? ‘ஆள் ஒரு மாதிரி’ என்று ஜன்னல் பக்கம் ஒதுங்கிக்கொள்வோம்.

இந்த ‘ஒரு மாதிரி’ இருக்கிறதே, பயங்கரமான தீர்ப்பு சார் அது. குற்றம் என்னவென்று சொல்ல வேண்டாம். சாட்சி வேண்டாம். அப்பீலும் கிடையாது.

சினிமா இவர்களை மன்னிக்காமல் இல்லை. ஆனால் அதற்கு ஒரு விலை வைத்திருக்கிறது. 1988-ல் வந்த ‘ரெய்ன் மேன்’ படத்தில் டஸ்டின் ஹாஃப்மன் லாஸ் வேகஸ் சூதாட்ட விடுதியில் சீட்டுகளை ஞாபகம் வைத்து அண்ணன் தம்பி இருவருக்கும் பணம் சம்பாதித்துத் தர வேண்டியிருந்தது. ‘தாரே ஜமீன் பர்’ (2007) பையன் கடைசியில் ஓவியப் போட்டியில் ஜெயிக்க வேண்டும். ரிஸ்வான் கான் வெள்ளத்தில் ஒரு ஊரையே காப்பாற்ற வேண்டும். நம்ம ‘ஹரிதாஸ்’ (2013) நல்ல படம். கிஷோர் அந்த அப்பாவாகவே வாழ்ந்திருந்தார். அங்கேயும் பையன் மாரத்தான் ஓடினால்தான் நமக்குத் திருப்தி.

அதாவது, ‘நீ கையை உதறு, கண்ணைப் பார்க்காதே, பரவாயில்லை. பதிலுக்கு ஏதாவது அதிசயம் காட்டு.’ வட்டியோடு கடனைக் கட்டச் சொல்வது மாதிரி. அதிசயம் எதுவும் கைவசம் இல்லாத, காலையில் பஸ் பிடித்து வேலைக்குப் போய்ச் சாயங்காலம் வீடு திரும்ப ஆசைப்படுகிற சாதாரண ஆள் என்ன செய்வான்?

2025-ல் வந்த ‘சித்தாரே ஜமீன் பர்’ இந்த இடத்தில் ஒரு படி மேலே. டைரக்டர் நம்ம ஊர் ஆர்.எஸ். பிரசன்னா. ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம் என்று மூளையும் உடம்பும் வேறு விதமாக அமைந்த பத்துப் பேரையே நடிக்க வைத்தார். அந்த நடையும் அந்தச் சிரிப்பும் அவர்களுடையதே. யாரும் யாரையும் காப்பியடிக்கவில்லை. கடைசி மேட்சில் தோற்றுவிட்டும் கொண்டாடுகிறார்கள். அப்பாடா! ஆனால் ஒரு குறை. பத்துப் பேருக்கும் படத்தில் பெரிய வேலை, கோச் ஆமிர் கானைத் திருத்துவதுதான்.

சரி, இவர்கள் ஏன் அப்படிக் கையை உதறுகிறார்கள், முன்னும் பின்னும் ஆடுகிறார்கள்? சத்தமும் வெளிச்சமும் கூட்டமும் அளவுக்கு மீறும்போது உடம்பை அமைதிப்படுத்திக்கொள்ள அது ஒரு வழி. சந்தோஷம் தாங்காவிட்டாலும் கை பறக்கும். டென்ஷனில் நாம் காலாட்டுவதில்லையா? ‘காலாட்டாதே, தரித்திரம்’ என்று பாட்டியிடம் திட்டு வாங்காதவர் யார்? அதே வகைதான். அளவு கொஞ்சம் கூட. கண் விஷயமும் அப்படித்தான். எதிராளியின் கண்ணைப் பார்த்தால் அவர் பேசுவது மண்டையில் ஏறுவதில்லை என்கிறார்கள் ஆட்டிசம் உள்ள பலர். என் தாத்தா காலத்தில் பெரியவர்கள் கண்ணை நேரே பார்த்தால் திமிர். இன்றைக்குப் பார்க்காவிட்டால் தன்னம்பிக்கை இல்லை. ரூல்ஸை மாற்றிக்கொண்டே இருக்கிறவர்கள் நாம்தான்.

2017-ல் ‘சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் நோவா சாஸன் குழுவினரின் ஆய்வு வந்தது. ஆட்டிசம் உள்ளவர்கள் கொஞ்ச நேரம் பேசியதைப் பதிவு செய்தார்கள். ஆட்டிசம் இல்லாதவர்கள் பேசியதையும் பதிவு செய்தார்கள். யாருக்கு ஆட்டிசம் என்று சொல்லாமல் மற்றவர்களிடம் காட்டி, ‘இவரோடு பழகுவீர்களா?’ என்று கேட்டார்கள். வீடியோ பார்த்தவர்கள், குரலை மட்டும் கேட்டவர்கள், வெறும் போட்டோ பார்த்தவர்கள் எல்லோரும் ஆட்டிசம் உள்ளவர்களைச் சில நொடிகளிலேயே தள்ளி வைத்தார்கள். பேசியதை அப்படியே எழுத்தில் கொடுத்துப் படிக்கச் சொன்னபோது? வித்தியாசமே இல்லை! சொன்ன விஷயத்தில் குறை இல்லை. சொன்ன முகமும் குரலும்தான் நமக்குப் பிடிக்கவில்லை.

இதைப் படித்தபோது எனக்குப் பகீரென்றது. இப்போது அந்தக் காரணம்.

பல வருஷம் முன்பு ஒரு பத்திரிகைக்கு உதவி ஆசிரியர் எடுக்க இன்டர்வியூ. மேஜைக்கு இந்தப் பக்கம் நானும் இன்னும் இரண்டு பேரும். ஒரு பையன் வந்தார். எங்களைப் பார்க்கவில்லை; சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தே பதில் சொன்னார். முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. நிறுத்தி நிதானமாக, நன்றாகவே பேசிக்கொண்டிருந்தார். நான்தான் குறுக்கே புகுந்தேன். “தம்பி, கண்ணைப் பார்த்துப் பேசுங்க.”

பார்த்தார். அத்தோடு பேச்சு நின்றுவிட்டது. அப்புறம் ஒரு வார்த்தை வரவில்லை. அவர் போனதும், “ஆள் ஒரு மாதிரி” என்றேன். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். பெயரை அடித்தாயிற்று.

எழுத்துத் தேர்வுத் தாள்களை மறுநாள்தான் பிரித்தோம். வேண்டுமென்றே பன்னிரண்டு பிழைகள் வைத்து ஒரு பக்கம் கொடுத்திருந்தோம். அவர் பதினாலு கண்டுபிடித்திருந்தார். மீதி இரண்டும் எங்களுக்கே தெரியாமல் நாங்கள் விட்ட பிழை. அப்படியும் யாரும் அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை. நான் உள்பட.

அவருக்கு என்ன என்று முடிவு கட்ட நான் டாக்டர் இல்லை, வெறும் பி.காம். ஆனாலும் வரவில் எழுத வேண்டிய ஆளைப் பற்றில் எழுதிவிட்டேன் என்பதைப் புரிந்துகொள்ள பி.காம் போதும். அதற்குப் பிறகு எந்த இன்டர்வியூவில் உட்கார்ந்தாலும் முதலில் தாளைப் படிக்கிறேன். முகத்தை அப்புறம்தான் பார்க்கிறேன்.

ஏர்போர்ட் அதிகாரிகளைப் பார்த்து ‘அடப்பாவிகளா’ என்றேனே, அன்றைக்கு அந்த அறையில் ‘ஒரு மாதிரி’ நடந்துகொண்டவர்கள் மூன்று பேர். மூன்று பேரும் மேஜைக்கு இந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தோம்.